வாசலில் காய்க்கும் குடைமிளகாய்

மைசூரு தேவராஜ மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறீர்களா? ஒரு பக்கம் மல்லிகைப் பூ மணக்கும். ஒரு பக்கம் வெற்றிலைக் கட்டுகள் அடுக்கி இருக்கும். உள்ளே போனால் காய்கறிக் கடைகள். கத்தரி, பீன்ஸ், நூல்கோல், முருங்கை எல்லாம் குவிந்து கிடக்கும்.

அவற்றின் நடுவே ஒரு காய் பளபளவென்று மின்னும். நல்ல பச்சை நிறம். கை நிறையும் அளவு. ஆனால் கனம் இல்லை. விரலால் தட்டினால் 'டொப்'பென்று சத்தம் வரும். உள்ளே வெற்றிடம்.

அதுதான் குடைமிளகாய். குடமிளகாய் என்றும் சொல்வார்கள். கன்னடத்தில் 'தொண்ணெ மெணசினகாயி' என்றும் 'தப்ப மெணசினகாயி' என்றும் பெயர். 'தப்ப' என்றால் பருமன். வடக்கே இதைச் 'சிம்லா மிளகாய்' என்கிறார்கள்.

நாம் கையில் எடுத்துப் பார்ப்போம். விலை கேட்போம். பல நாள் பேசாமல் திரும்ப வைத்துவிடுவோம். "இது பணக்காரர் வீட்டுக் காய்" என்று நினைத்துக்கொள்வோம்.

அந்த நினைப்பு சரியா? இல்லை. ஒரு பழைய வாளி போதும். நல்ல மண் வேண்டும். ஆறு மணி நேர வெயில் வேண்டும். தினமும் ஒரு முறை செடியைப் பார்க்கும் கண் வேண்டும். இவை இருந்தால் இந்தக் காய் நம் வாசலிலேயே காய்க்கும்.

ஒரே ஒரு நிபந்தனை. காலம் பார்த்து நட வேண்டும். காலம் தவறினால் செடி வளரும். பூவும் பூக்கும். காய் மட்டும் நிற்காது.

மிளகாய்தான், ஆனால் காரம் இல்லை

குடைமிளகாய் மிளகாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவையும் இதற்கு உறவுதான். இந்த உறவைப் பற்றிப் பிறகு மறுபடியும் பேசப் போகிறோம். மறந்துவிடாதீர்கள்.

மிளகாயின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். அங்கே மெக்சிகோ நாட்டு மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மிளகாய் பயிரிட்டார்கள். வாஸ்கோ ட காமா 1498ஆம் ஆண்டு கோழிக்கோட்டுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் வந்த போர்ச்சுக்கீசிய வணிகர்கள் மிளகாயை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகைத்தான் நம்பி இருந்தார்கள். மிளகு போலக் காரமான காய். அதனால்தான் 'மிளகாய்' என்று பெயர் வந்தது.

மிளகாயில் காரத்தைத் தருவது எது? 'கேப்சைசின்' என்ற ஒரு பொருள். விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில் அது உண்டாகிறது. குடைமிளகாயில் அந்தப் பொருள் உண்டாவது இல்லை. அதனால் குழந்தைகளும் இதை விரும்பிச் சாப்பிடுவார்கள்.

பச்சைக் குடைமிளகாய், சிவப்புக் குடைமிளகாய் என்று கடையில் பார்க்கிறோம். இரண்டும் வேறு வேறு என்று பலர் நினைக்கிறார்கள். பச்சையாகப் பறிப்பது முற்றிய காய். சிவப்போ மஞ்சளோ பழுத்த பழம். செடியிலேயே விட்டுவைத்தால் பச்சைக் காய் நிறம் மாறிப் பழுக்கும். எந்த நிறமாக மாறும் என்பது ரகத்தைப் பொறுத்தது.

பக்கத்து ஊரில் பிறந்த ரகங்கள்

மைசூருவில் இருந்து பெங்களூரு சுமார் 140 கிலோமீட்டர். பெங்களூருவை அடுத்த ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே உருவான ரகங்களின் பெயர் 'அர்க்கா' என்று தொடங்கும். குடைமிளகாயில் மூன்று அர்க்கா ரகங்கள் பெயர் பெற்றவை.

அர்க்கா மோகினி: அமெரிக்காவின் 'டைட்டன்' என்ற ரகத்தில் இருந்து தேர்ந்தெடுத்தது. பெரிய காய். கரும்பச்சை நிறம். பழுத்தால் சிவக்கும்.

அர்க்கா கௌரவ்: 'கோல்டன் கலிபோர்னியா வொண்டர்' என்ற ரகத்தில் இருந்து தேர்ந்தெடுத்தது. சதை தடிமனாக இருக்கும். பழுத்தால் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம் வரும். வாடல் நோயை ஓரளவு தாங்கும்.

அர்க்கா பசந்த்: ஹங்கேரி நாட்டு ரகத்தில் இருந்து தேர்ந்தெடுத்தது. காய் பச்சையாக இருக்காது. பாலாடை நிறத்தில் இருக்கும். கூம்பு வடிவம்.

இன்னொரு செய்தி. 1973ஆம் ஆண்டு பெங்களூருவில் உள்ள இந்தோ-அமெரிக்கன் ஹைப்ரிட் சீட்ஸ் நிறுவனம் 'பாரத்' என்ற ஒட்டுரகக் குடைமிளகாயை வெளியிட்டது. நம் நாட்டில் வணிகமாக வந்த முதல் ஒட்டுரகக் காய்கறிகளில் அதுவும் ஒன்று. இரண்டு வேறு ரகச் செடிகளைச் சேர்த்து உண்டாக்கும் விதையைத்தான் ஒட்டுரகம் என்கிறோம். வீரிய ஒட்டுரகம் என்றும் சொல்வார்கள். இன்று கடையில் கிடைக்கும் விதை பெரும்பாலும் ஒட்டுரகம்தான்.

உடம்புக்கு என்ன கிடைக்கும்?

ஹங்கேரி நாட்டில் ஆல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜி என்ற விஞ்ஞானி இருந்தார். வைட்டமின் சி சத்தைத் தனியே பிரித்து ஆராய்ந்தார். ஆராய்ச்சிக்கு அது நிறைய வேண்டும். எதில் இருந்து எடுப்பது? அவர் இருந்த ஊரில் சிவப்பு மிளகாய் ஏராளமாக விளைந்தது. அதைச் சோதித்துப் பார்த்தார். அதில் அந்தச் சத்து நிரம்பி இருந்தது. 1937ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

குடைமிளகாயும் அப்படித்தான். 100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் சுமார் 80 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. பழுத்த சிவப்புக் காயில் அதைவிட ஒன்றரை மடங்கு இருக்கும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் அளவும் ஏறக்குறைய 80 மில்லிகிராம்தான்.

இந்தச் சத்து நமக்கு ஏன் முக்கியம்? மைசூருப் பக்கம் கேழ்வரகுக் களி சாப்பிடுகிறோம். கீரை சாப்பிடுகிறோம். இவற்றில் இரும்புச் சத்து உண்டு. ஆனால் நம் உடம்பு அதை முழுவதும் எடுத்துக்கொள்வதில்லை. கூடவே வைட்டமின் சி இருந்தால் அதிகமாக எடுத்துக்கொள்ளும். நம் பெண்களில் பலருக்கு இரத்தச் சோகை இருக்கிறது. அவர்கள் களியோடும் கீரையோடும் இந்தக் காயைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஆனால் இது மருந்து ஆகாது. சோர்வும் மூச்சிரைப்பும் இருந்தால் மருத்துவமனைக்குப் போய் இரத்தம் பார்க்க வேண்டும். அங்கே இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் அதைச் சாப்பிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அதிக நேரம் வேகவைத்தால் வைட்டமின் சி அழிந்துவிடும். பச்சையாகக் கோசம்பரியில் நறுக்கிப் போடலாம். வாங்கி பாத் செய்யும்போது கத்தரிக்காய்க்குப் பதிலாக இதைப் போடலாம். கடைசியில் போட்டு லேசாக வதக்கினால் போதும்.

எப்போது விதைப்பது?

இதுதான் முக்கியமான இடம். நிதானமாகப் படியுங்கள்.

குடைமிளகாய் குளிர்ச்சியை விரும்பும். பகலில் 20 முதல் 25 டிகிரி வெப்பம் இதற்குப் பிடிக்கும். 28 டிகிரி வரை தாங்கிக் காய்க்கும். இரவில் 16 முதல் 20 டிகிரி இருந்தால் நல்லது. பகல் வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போனால் பூ உதிரும். பிஞ்சு நிற்காது.

மைசூரு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் சென்னை, வேலூர் போலச் சுடுவதில்லை. ஆனாலும் ஏப்ரலில் வெப்பம் 35 டிகிரியைத் தொடும். டிசம்பரிலும் ஜனவரியிலும் பகலில் 28 டிகிரி அளவில் இருக்கும். இரவில் 16, 17 டிகிரிக்கு இறங்கும். செடி பூத்துக் காய்க்கும் காலம் இந்த மாதங்களில் வந்தால் போதும். வேலை முடிந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். விதைத்த நாளில் இருந்து நாற்று தயாராக 40 முதல் 45 நாள் ஆகும். நட்ட நாளில் இருந்து முதல் காய் பறிக்க 65 முதல் 75 நாள் ஆகும். எனவே செப்டம்பர் முதல் வாரம் விதைக்க வேண்டும். அக்டோபர் பிற்பகுதியில் நட வேண்டும். டிசம்பர் கடைசியில் காய் பறிக்கலாம்.

எளிதாக நினைவில் வைக்க ஒரு வழி உண்டு. ஆவணியில் விதை. ஐப்பசியில் நடவு. மார்கழியில் காய்.

தசராவையும் கணக்காக வைத்துக்கொள்ளலாம். தசரா சமயத்தில் மைசூரு குப்பண்ணா பூங்காவில் மலர்க் காட்சி நடக்கும். அதைப் பார்க்கப் போகும்போது உங்கள் வீட்டில் நாற்று வளர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

உங்கள் ஊர் சமவெளியில் இருக்கிறதா? அங்கே வெயில் அதிகம். நீங்களும் பனிக் காலத்தில் பூக்கும்படி கணக்குப் போடுங்கள். மாசி பிறந்தபின் மதிய நேரத்தில் நிழல் கொடுங்கள்.

விதை உறையைப் படியுங்கள்

விதைக் கடைக்குப் போகிறோம். படம் அழகாக இருக்கிறது என்று வாங்கிவிடக் கூடாது. உறையைத் திருப்புங்கள். பின்பக்கம்தான் சங்கதி இருக்கிறது.

உறையில் ஆங்கிலமோ கன்னடமோ இருக்கலாம். கவலை வேண்டாம். எண்களைப் பாருங்கள். நீங்கள் எண் படிப்பீர்கள் அல்லவா? இந்த மூன்றைத் தேடுங்கள். புரியாவிட்டால் கடைக்காரரிடம் விரல் வைத்துக் காட்டிக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை. விதை உறையில் இந்த விவரங்கள் இருக்க வேண்டும் என்று 1966ஆம் ஆண்டு விதைச் சட்டமும் அதன் விதிகளும் சொல்கின்றன.

முதலாவது, முளைப்புத் திறன். குடைமிளகாய்க்குக் குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும். அதாவது 100 விதை போட்டால் 60 முளைக்க வேண்டும்.

இரண்டாவது, விதையைச் சோதித்த நாளும், எந்த நாள் வரை பயன்படுத்தலாம் என்ற நாளும். அந்த நாள் கடந்திருந்தால் வாங்காதீர்கள். மிளகாய் விதை சீக்கிரம் முளைப்புத் திறனை இழக்கும்.

மூன்றாவது, நஞ்சு கலந்த விதையா என்ற விவரம். பல விதைகளில் பூஞ்சை மருந்து தடவி இருப்பார்கள். அந்த விதை இளஞ்சிவப்பு, நீலம் போன்ற நிறத்தில் இருக்கும். உறையில் எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். அந்த விதையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மீந்த விதையைக் கோழிக்குப் போடக் கூடாது. குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது.

பாருங்கள். படிக்கத் தெரிந்தால் பணம் மிச்சம். சில நேரம் உயிரும் மிச்சம்.

விதை வாங்கியதற்கு ரசீது வாங்குங்கள். காலி உறையையும் பத்திரமாக வையுங்கள். விதை முளைக்காவிட்டால் கேள்வி கேட்க அவைதான் சாட்சி.

நாற்று விடுவது

மேலே திறந்த தட்டு ஒன்று எடுங்கள். குழித்தட்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் காகிதக் கோப்பைகள் போதும். அடியில் ஓட்டை போடுங்கள்.

மக்கிய தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும் சம பங்கு கலந்து நிரப்புங்கள். ஒரு குழிக்கு ஒரு விதை. அரை விரற்கடை ஆழம் போதும். மேலே லேசாக மூடித் தண்ணீர் தெளியுங்கள். நேர் வெயிலும் அடைமழையும் படாத இடத்தில் வையுங்கள். 8 முதல் 12 நாளில் முளை வரும்.

முளை வந்ததும் வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். இருட்டில் வைத்தால் நாற்று நூல் போல நீண்டு சாயும்.

தண்ணீர் அதிகம் விட்டால் என்ன ஆகும்? நாற்றின் கழுத்து அழுகும். நேற்று நின்ற நாற்று இன்று படுத்துவிடும். இதை நாற்றழுகல் என்பார்கள். எனவே மேல் மண் காய்ந்தால் மட்டும் தெளியுங்கள்.

நாற்றில் ஐந்து, ஆறு இலை வந்ததும் நடலாம். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்துப் பழக்குங்கள்.

தொட்டியும் மண்ணும்

ஒரு செடிக்கு ஓர் அடி அகலமும் ஓர் அடி ஆழமும் உள்ள தொட்டி வேண்டும். உடைந்த வாளி, பெயிண்ட் டப்பா, சிமெண்ட் பை எதுவானாலும் சரி. நன்றாகக் கழுவுங்கள். பூச்சி மருந்து இருந்த டப்பா மட்டும் கூடவே கூடாது.

அடியில் நான்கு ஐந்து ஓட்டை போடுங்கள். ஓட்டையின் மேல் ஓட்டுச் சில்லு வையுங்கள். மண் வெளியேறாது. தண்ணீர் மட்டும் வடியும்.

மண் கலவை இப்படி இருக்கட்டும்: செம்மண் இரண்டு பங்கு. நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. மணல் ஒரு பங்கு. ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. மைசூருப் பக்கம் புங்கம் பிண்ணாக்கும் கிடைக்கும். அதையும் போடலாம். மக்காத பச்சைச் சாணம் போடாதீர்கள். அதன் சூட்டில் வேர் கருகும்.

தரையில் நடுகிறீர்களா? செடிக்குச் செடி ஒன்றரை அடி இடம் விடுங்கள். தண்ணீர் தேங்காதபடி மேட்டுப் பாத்தியில் நடுங்கள்.

இப்போது அந்த உறவு விஷயத்துக்கு வருவோம். இரண்டு பெண்கள் பேசிக்கொள்வதைக் கேளுங்கள்.

"அக்கா, தண்ணி நல்லாத்தான் விட்டேன். செடி ஏன் இப்படித் தலை தொங்கிப்போச்சு?"

"இலை மஞ்சளாச்சா தங்கச்சி?"

"இல்லக்கா. பச்சையாவே வாடிப்போச்சு. ரெண்டே நாள்தான்."

"போன வருஷம் அந்த இடத்துல என்ன இருந்துச்சு?"

"தக்காளி. அதுக்கு முன்னாடி கத்தரி."

"அதான் சங்கதி. தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியில நிறுத்திப் பாரு."

தங்கை அப்படியே செய்தாள். சில நிமிடத்தில் வெட்டிய இடத்தில் இருந்து பால் போல மெல்லிய இழை இறங்கியது. அது பாக்டீரியா வாடல் நோய். அந்தக் கிருமி மண்ணில் இருக்கும். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் தாக்கும். உறவுக்குள் தொற்றும் நோய்.

அதற்கு மருந்து அடித்துப் பயன் இல்லை. செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். குப்பைக் குழியில் போடக் கூடாது. அந்த மண்ணில் இரண்டு மூன்று ஆண்டு இந்தக் குடும்பத்துச் செடி எதையும் வைக்கக் கூடாது. கீரை, வெங்காயம், அவரை வைக்கலாம். எனவே குடைமிளகாய்க்குப் புது மண் எடுங்கள். இடத்தை மாற்றி மாற்றி நடுங்கள்.

நடவும் பராமரிப்பும்

மாலை நேரத்தில் நடுங்கள். வேரைச் சுற்றிய மண் உதிராமல் எடுத்து வையுங்கள். பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றுங்கள். செடி வளர்ந்ததும் துணிக் கிழிசலால் தளர்வாகக் கட்டுங்கள். இதன் கிளை எளிதில் முறியும். காய் கனம் தாங்காது.

தண்ணீர் எவ்வளவு? இதற்கு அளவுக் கோல் உங்கள் விரல்தான். விரலை மண்ணில் ஒரு அங்குலம் விடுங்கள். ஈரம் தட்டினால் தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். காலை நேரம் நல்லது. அரிசி கழுவிய தண்ணீர் விடலாம். சோப்புத் தண்ணீர் விடக் கூடாது. மண்ணின் மேல் காய்ந்த இலை, வைக்கோல் பரப்பினால் ஈரம் காக்கும். இதை மூடாக்கு என்பார்கள்.

நான்கு நாள் காயப்போட்டு ஒரு நாள் குடம் குடமாக ஊற்றுவது கெடுதல். அப்படிச் செய்தால் காயின் அடிப்பக்கம் பழுப்பாகிக் குழி விழும். பலர் இதைப் பூச்சி என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். அது பூச்சி அல்ல. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து சரியாகப் போய்ச் சேராததால் வருவது. தண்ணீரை ஒழுங்காக விட்டால் அடுத்த காய்கள் நன்றாக வரும்.

15 நாளைக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்தும் ஊற்றலாம். அளவு மீறினால் இலைதான் செழிக்கும். காய் குறையும்.

தண்டு இரண்டாகப் பிரியும் இடத்தில் முதல் பூ வரும். அதைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான். ஆனால் அந்த ஒரு பூவை விட்டால் செடி பலப்படாது. கிள்ளினால் கிளை பரவும். பின்னால் பல காய் கிடைக்கும்.

பூச்சியைக் கண்ணால் கண்டுபிடியுங்கள்

தினமும் காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள். எதிரி இலையின் அடியில்தான் இருப்பான்.

இலை ஓரம் மேல் நோக்கிச் சுருண்டால் அது இலைப்பேன். கீழ் நோக்கிச் சுருண்டால் அது சிலந்திப்பேன். கொழுந்தில் கூட்டமாக ஒட்டியிருந்தால் அது அசுவினி. இலையில் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக வந்து செடி குட்டையாக நின்றால் அது தேமல் நோய். அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள்.

இலைப்பேன் சிறியது. ஆனால் அதன் சேதம் பெரியது. 2021ஆம் ஆண்டு புது வகை இலைப்பேன் ஒன்று ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் ஆகிய மாநிலங்களின் மிளகாய் வயல்களில் பரவியது. பூவுக்குள் புகுந்து உறிஞ்சியது. மருந்து மேல் மருந்து அடித்தும் ஏராளமான விவசாயிகள் விளைச்சலை இழந்தார்கள். எனவே மருந்தை மட்டும் நம்பிப் பயன் இல்லை. முதலிலேயே பார்த்துவிடுவதுதான் காவல்.

வீட்டில் செய்ய வேண்டியது இது. இரண்டு மூன்று செடிதானே? கெட்ட இலையைக் கிள்ளி எடுங்கள். அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். மஞ்சள் அட்டை ஒன்றில் விளக்கெண்ணெய் தடவிச் செடி அருகே கட்டுங்கள். பறக்கும் பூச்சிகள் ஒட்டிக்கொள்ளும்.

அதற்கும் அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல் தயாரியுங்கள். 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்துத் துணியில் கட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவையுங்கள். காலையில் பிழிந்து வடிகட்டுங்கள். கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேருங்கள். மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வாரம் ஒரு முறை போதும்.

கடையில் வாங்கும் காயில் எந்த மருந்தை எந்த நாளில் அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. நம் வாசல் செடிக்கு நாம் என்ன தெளித்தோம் என்று தெரியும். வீட்டில் வளர்ப்பதன் பெரிய லாபம் இதுதான்.

பறிக்கும் நேரம்

காய் முழு அளவு வந்து, கெட்டியாகி, பளபளத்தால் பறிக்கலாம். கையால் இழுக்காதீர்கள். கிளை முறியும். காம்போடு கத்தரியால் வெட்டுங்கள்.

பச்சையாகப் பறித்துக்கொண்டே இருந்தால் செடி மேலும் மேலும் காய்க்கும். சிவக்கும் வரை விட்டால் இன்னும் மூன்று வாரம் ஆகும். காய் எண்ணிக்கை குறையும். சத்தும் இனிப்பும் கூடும். பாதியைப் பச்சையாகப் பறியுங்கள். இரண்டு மூன்றைப் பழுக்க விடுங்கள்.

நன்றாகக் கவனித்தால் ஒரு தொட்டிச் செடியில் ஆறு முதல் பத்துக் காய் எதிர்பார்க்கலாம். நான்கு தொட்டி இருந்தால் ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூன்று மாதம் அவ்வப்போது காய் வரும். இதை விற்றுப் பணக்காரர் ஆக முடியாது. ஆனால் கடையில் திரும்ப வைத்த காய் நம் தட்டில் இருக்கும்.

விதை எடுக்கலாமா?

அர்க்கா மோகினி போன்ற ரகங்களில் எடுக்கலாம். நன்றாகப் பழுத்த காயின் விதையை நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஒட்டுரக விதையில் இருந்து எடுத்தால் அடுத்த தலைமுறை தாயைப் போல வராது.

"பக்கத்தில் பச்சை மிளகாய்ச் செடி இருந்தால் குடைமிளகாய் காரமாகுமா?" என்று கேட்பார்கள். இந்த ஆண்டுக் காய் காரமாகாது. ஆனால் மிளகாய்ப் பூவின் மகரந்தம் தேனீ மூலம் வந்திருக்கலாம். அப்படி உண்டான விதையை நட்டால் அடுத்த ஆண்டு காய் காரமாக வரலாம். விதைக்கு வைக்கும் செடியைத் தள்ளி வையுங்கள்.

ஒரு நோட்டு வையுங்கள்

ஒரு சிறிய நோட்டு எடுங்கள். நீங்களே எழுதுங்கள். விதையின் பெயர். விதைத்த நாள். முளைத்த நாள். நட்ட நாள். முதல் பூ வந்த நாள். முதல் காய் பறித்த நாள். எத்தனை காய். என்ன பூச்சி வந்தது. என்ன செய்தீர்கள்.

அடுத்த ஆவணியில் இந்த நோட்டைத் திறந்து பாருங்கள். உங்கள் வீட்டு வெயிலுக்கும் உங்கள் வீட்டு மண்ணுக்கும் இதைவிடப் பொருத்தமான புத்தகம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

சந்தேகம் வந்தால் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேட்கலாம். மைசூரு மாவட்டத்தில் நஞ்சன்கூடு வட்டம் சுத்தூரில் கிருஷி விஞ்ஞான கேந்திரம் இருக்கிறது. நோய் பிடித்த இலையையும் உங்கள் நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். நோட்டைப் பார்த்தால் அவர்களுக்கு நோய் சீக்கிரம் புரியும்.

நினைவில் வையுங்கள்

1. ஆவணியில் விதை, ஐப்பசியில் நடவு, மார்கழியில் காய்.
2. விதை உறையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.
3. கத்தரி, தக்காளி, மிளகாய் இருந்த மண்ணில் நடாதீர்கள்.
4. விரல் வைத்துப் பார்த்துத் தண்ணீர் விடுங்கள்.
5. தினமும் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

விடை சொல்லுங்கள்

1. ஏப்ரல் மாதம் பூக்கும் குடைமிளகாய்ச் செடியில் காய் ஏன் நிற்பதில்லை?
2. விதை உறையில் தேட வேண்டிய மூன்று விவரங்கள் என்ன?
3. வாடிய செடிக்கு வந்தது பாக்டீரியா வாடல் நோய்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?
4. உங்கள் வீட்டில் ஆறு மணி நேரம் வெயில் விழும் இடம் எது? நாளை காலை முதல் மாலை வரை பார்த்து, நோட்டில் எழுதுங்கள்.